பிந்தின ராசா

இந்த வருடம் தவக்காலத்தில் எங்கள் கோயிலில் வேதாகம வகுப்பு நடந்தது. நடத்த வந்த சிஸ்டர் ஒரு பின்னேரம் முழுவதும் பழைய ஏற்பாட்டு அரசர்களைப் பற்றியே பேசினார். சாலமோன் ஞானத்தோடு தொடங்கிச் சிலைகளுக்கு முன்னால் முடிந்தான். உசியா பலம் வரும்வரை பணிவாக இருந்து, பலம் வந்ததும் தலைக்கனம் பிடித்துக் கெட்டான். யோசியா சின்னப் பிள்ளையாகச் சிங்காசனம் ஏறி, கடைசிவரை வழி மாறாமல் நின்றான். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் ஆசா என்ற அரசனிடம் வந்து நிறுத்தினார். நீண்ட காலம் ஆண்டவருக்கு உண்மையாக இருந்து, வயது போனபின் கால் நோய் வந்தபோது அவரைத் தேடாமலே செத்துப்போன அந்த அரசனை யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். அவனோடு ஒரே வீட்டில் கொஞ்சக் காலம் இருந்தவன் நான். ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கூட்டத்தில் கை உயர்த்திப் பழக்கமில்லாதவன். கதிரைக்குக் கீழே செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். மன்னார்த் தீவின் கரையில், பள்ளிமுனைக்குச் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் எங்கள் ஊர். கோயில் திருநாளுக்கு நாட்டுக்கூத்துப் போடுவது அங்கே வழக்கம். கூத்தை எழுதிப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம். எங்கள் அண்ணாவியார் அந்த வருடம் ஆசா அரசனின் கதையைப் பாட்டாகக் கட்டியிருந்தார்.

நீளமான பாகத்தை ஒருவரே ஆடித் தாங்க முடியாது. அதனால் எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரே அரசனை இரண்டு பேர் ஆடுவார்கள். இளமைப் பகுதியை ஆடுகிறவர் முந்தின ராசா. பாதியில் திரைக்குப் பின்னால் கிரீடத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அதை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவர் பிந்தின ராசா. மற்றக் கதைகளில் இதனால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆசாவின் கதையில் பிரச்சினை இருந்தது. முந்தின ஆசா பகைவரை ஓட ஓட விரட்டுவான், தடியெடுத்துச் சிலைகளை நொறுக்குவான், தப்பு வழியில் போன ராசமாதாவையே பதவியிலிருந்து இறக்குவான். பிந்தின ஆசாவோ கோயில் வெள்ளியை அள்ளி வேற்று ராசாவுக்கு லஞ்சமாக அனுப்புவான், புத்தி சொன்ன தீர்க்கதரிசியைச் சிறையில் போடுவான், கால் வீங்கிக் கட்டிலில் கிடந்து, ஆண்டவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவான். அந்தப் பாகத்துக்கு ஊரில் ஆளில்லை. ஆடுகிறவன் வீட்டுக்கே அது வந்து சேரும் என்று பயந்தார்கள்.

பாகம் பிரிக்கிற நாளில் நானும் அப்பாவோடு போயிருந்தேன். எங்கள் கரையில் அப்பாவின் குரலுக்கு நிகரான குரல் இல்லை. முந்தின ராசா அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் அதை முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தேன். அண்ணாவியாரும் அப்படித்தான் தொடங்கினார். அப்பா மெதுவாக எழும்பினார்.

“முந்தின ராசாவை என்ர தம்பிக்குக் குடுங்கோ அண்ணாவியார். பிந்தினதை நான் ஆடுறன்.”

“உனக்கேனடா தம்பி அந்தப் பாவம்?”

“வீங்கின கால் ஏற்கெனவே என்னட்ட இருக்குதுதானே. வேஷச் செலவு மிச்சம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் இடது காலில் சில மாதங்களுக்கு முன்பு திருக்கை முள் ஏறியிருந்தது. கடலில் போகிறவர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் அப்பாவின் புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, இருப்பது தெரியவந்தது. கால் பெருத்து, பெருவிரல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. வள்ளம் கரையிலேயே கிடந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வேறு வள்ளத்தில் கூலிக்குப் போய் எங்கள் வீட்டையும் சேர்த்துப் பார்த்தார். திருநாளுக்கு மறுநாள் கிளினிக். அதற்குள் புண் காய்ந்திருக்காவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எவ்வளவு வெட்டுவார்கள் என்று அப்பா கேட்கவில்லை. அம்மா கேட்டுவிட்டு வந்து அடுப்படியில் இருந்து அழுதார். கால் போனால் கடல் போகும், கடல் போனால் எங்களுக்கு வேறொன்றும் இல்லை.

அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பாகத்தை வாங்கிக்கொண்டு வந்ததற்காக அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியம்மா வேறு விதமாகப் பயந்தார். வேதத்தில் ஆசா வைத்தியரைத் தேடியதால்தான் செத்தான், ஆகவே இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது, மடு மாதாவிடம் நேர்ந்துகொண்டு வீட்டில் இருந்தால் போதும் என்று வந்து நின்றார். ஊரில் பாதிப்பேரும் அப்படித்தான் விளங்கியிருந்தார்கள். வைத்தியரிடம் போனது ராசாவின் குற்றமில்லை, ஆண்டவரிடம் போகாததுதான் குற்றம் என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டுக் கிளினிக் துண்டையும் செபமாலையையும் ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஆண்டவரிடம் போவது என்பது அப்பாவுக்குப் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கரையில் ஒரு குருசடி இருந்தது. ஆளுயரச் சீமெந்துக் குருசு, அதன் அடியில் ஒரு சிறிய மாடம், மாடத்தில் ஒரு எண்ணெய் விளக்கு. கலியாணத்துக்கு முந்தி அப்பா ஒருமுறை கடலில் திசை தப்பி, அந்த விளக்கைக் கண்டு கரை சேர்ந்தவர். அதைக் கொளுத்தி வந்த வயதானவர் செத்தபின், யாரும் சொல்லாமலே அப்பா எடுத்துக்கொண்டார். பொழுதுபடும் நேரம் கொளுத்த வேண்டும், ஒரு பரலோக மந்திரம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்று டொக்டர் சொன்னபிறகு, சித்தப்பா சைக்கிளில் வைத்து உழக்கிப் போய், மணலில் தோள் கொடுத்துக் கூட்டிப் போவார். திரும்பி வரும்போது கட்டுப் போட்ட காலில் மணல் ஒட்டியிருக்கும். அம்மா சத்தமில்லாமல் தட்டிவிடுவார்.

நான் அந்த விளக்கையே நம்பியிருந்தேன். இவ்வளவு காலம் விளக்குக் கொளுத்தியவரின் காலை ஆண்டவர் பார்க்காமல் விடமாட்டார் என்பது என் கணக்கு. எனக்கு விளங்காதது கூத்துத்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் என் பின்னால் காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினான். “வீங்கின கால் ராசாவின்ர மோன்” என்று எனக்குப் பெயர் வந்தது. சித்தப்பா முந்தின ராசாவாகத் தடி சுழற்றிப் பழகும்போது பெடியன்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அவர் எனக்கு அப்பாவாக இருந்திருக்கலாமே என்றுகூட ஒருநாள் நினைத்தேன்.

திருநாள் வந்தது. சண்டைக் காலம் என்பதால் கூத்தை விடியவிடிய ஆட முடியாது. இருட்டுவதற்குள் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும். அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு தொடங்கி, பொழுதுபட முன் முடிப்பதாகத் திட்டம். நேரத்துக்கு முடிந்த கூத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்றைய விளக்கைப் பற்றி அப்பா யோசித்தபோது, தன் பாகம் பாதியிலேயே முடிந்துவிடும், தானே போய்க் கொளுத்துகிறேன் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்தார். நாளைக்குக் கிளினிக், இன்றைக்கு மேடையை விட்டு ஓரடி வைக்கக் கூடாது என்று அம்மா அப்பாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டார்.

சித்தப்பா அன்றைக்கு ஆடியது போல ஒரு ஆட்டத்தை எங்கள் ஊர் பார்த்ததில்லை. மத்தளம் அவருக்குப் பின்னால் ஓடியது. ஓலையும் களிமண்ணும் சேர்த்துச் செய்த சிலையை அவர் ஒரே அடியில் உடைத்தபோது, துண்டுகள் சனத்துக்குள் வந்து விழுந்தன. நானும் ஒரு துண்டைப் பொறுக்கி மடியில் கட்டினேன்.

பிறகு திரை விலகியது. அதே கிரீடத்தோடு அப்பா வந்தார். மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடம். சித்தப்பாவின் தலைக்கு அளவாக இருந்தது அப்பாவுக்குக் கொஞ்சம் பெரிது. அவர் நொண்டி நடந்ததைப் பார்த்து, என்ன இயல்பாக நடிக்கிறான் என்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் மெச்சினார். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அப்பா வெள்ளியை அனுப்பினார், தீர்க்கதரிசியைச் சிறையில் போட்டார், கட்டிலில் விழுந்தார். வைத்தியர்கள் இருவர் வந்தார்கள். சனம் சிரிப்பதற்கென்றே அண்ணாவியார் வைத்த பகுதி அது. ஒருவர் கழுத்தில் சைக்கிள் ரியூப் குழாய், மற்றவர் கையில் மூங்கிலில் செய்த முழ நீள ஊசி. அவர்கள் கட்டிலுக்கு முதுகு காட்டி நின்று, சனத்தைப் பார்த்து நீண்ட பாட்டொன்று பாடி ஆடினார்கள். சனம் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் கிடந்த அப்பாவுக்குச் சனத்தின் தலைகளுக்கு மேலால் கரை தெரிந்திருக்கிறது. பொழுது பட்டுவிட்டது. குருசடி இருட்டாகக் கிடந்தது.

சித்தப்பா அந்த நேரம் வேப்பமரத்தடியில், ராசா உடுப்பைக் கழற்றாமலே, படம் பிடிக்க வந்த இளந்தாரிகளுக்கு நடுவில் நின்றார். ஒவ்வொருவரும் அவர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

வைத்தியர்கள் பாட்டை முடித்து, ஊசி போடத் திரும்பினார்கள். கட்டிலில் தலையணை மட்டும் இருந்தது.

“ராசா எங்கை காணும்?” என்று குழாய்க்காரர் கேட்டார்.

“உன்ர பாட்டைக் கேட்டு எழும்பி ஓடிட்டார்” என்றார் ஊசிக்காரர்.

சனம் அதையும் கூத்தென்று நினைத்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மேடையின் பக்கத்தால் இறங்கி, இருட்டு விழுகிற கரையை நோக்கி ஒரு வெள்ளிக் கிரீடம் நொண்டி நொண்டிப் போவதைக் கண்டேன். அப்பாவுக்குப் பாட்டு மறந்துவிட்டது, வெட்கத்தில் ஓடுகிறார் என்றுதான் எண்ணினேன். அவரைத் திருப்பிக் கூட்டிவர ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது அவர் மாடத்தில் கைவிட்டு நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ராசா உடுப்புக்குப் பை கிடையாது. பெட்டி கிடைத்தது, ஆனால் உப்புக் காற்றில் நனைந்த குச்சிகள். ஒன்று பற்றவில்லை. ஒன்று பற்றி அணைந்தது. அப்பா கிரீடத்தைக் கழற்றி என் கையில் தந்து, விளக்கைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அதன் மறைவில் அடுத்த குச்சி பற்றி, திரியும் பிடித்துக்கொண்டது. வெள்ளித்தாள் ஒரு பக்கம் சுருண்டு கறுத்தது. அவர் அந்தக் காலோடு முழங்காலில் நின்று பரலோக மந்திரத்தை அவசரமில்லாமல் சொன்னார். நான் அவர் காலைப் பார்த்தேன். கட்டு முழுவதும் மணலும் ஈரமும். ஈரம் கடல் தண்ணீர் இல்லை.

திரும்பிப் பார்த்தபோது சனம் முழுவதும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றது. அப்பா கறுத்த கிரீடத்தை மறுபடி வைத்துக்கொண்டு நடந்தார். வழி விட்டார்கள். எசேக்கியா என்று இன்னொரு ராசா உண்டு. சாகக் கிடந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பி அழுது மன்றாடி, இன்னும் கொஞ்சக் காலம் வாங்கிக்கொண்டவன். அதை நினைத்து ஒரு கிழவர் கூட்டத்துக்குள்ளிருந்து சொன்னார்: “அண்ணாவி, கதை மாறிப் போச்சு. ஆசாவாப் போனவன் எசேக்கியாவா வாறான்.”

சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. அம்மா அப்பாவின் காலைப் பார்த்தார்.

அண்ணாவியாருக்கு முகம் சிவந்திருந்தது. மேடைப் படியில் அப்பாவை மறித்தார். ஆசா கடைசிவரை ஆண்டவரிடம் போகவில்லை, அதுதான் கதையின் உயிர், இவ்வளவு சனத்துக்கு முன்னால் அதைக் கெடுத்துவிட்டாயே என்றார்.

“ராசா போகேல்லை அண்ணாவியார்” என்றார் அப்பா. “நான்தான் போனனான். ராசா இப்ப வந்து சாவார்.”

சொன்னபடியே கட்டிலில் போய்க் கிடந்தார். ஆண்டவர் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும் பாட்டை அவர் அன்றைக்குப் பாடியதை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அவ்வளவு காலம் வழி தவறாதவன் கடைசிக் கட்டிலில் தவறிப்போவது எவ்வளவு இலேசு என்று அந்தக் குரல் சொன்னது. சுண்டல் விற்கிறவன்கூட அடுப்பை ஊதாமல் நின்றான். சிலையை உடைத்தபோது கை தட்டிய சனம் இப்போது தட்டவில்லை. ராசா செத்ததும் சிலர் குருசு அடையாளம் போட்டுக்கொண்டார்கள். வேப்பமரத்தடியில் சித்தப்பா, கிரீடத்துக்குக் கீழே கட்டியிருந்த தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கரையில் எரிகிற விளக்கைப் பார்த்தபடி நின்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பாவின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார்கள். அதைப் பெரியம்மா மாதாவின் புதுமை என்றார், அம்மா ஆஸ்பத்திரியின் கைராசி என்றார். எனக்கு இரண்டும் பிடிக்கவில்லை. என் கணக்குப்படி ஒரு விரலும் போயிருக்கக் கூடாது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் சித்தப்பா யாரும் சொல்லாமலே விளக்கைக் கொளுத்தினார். பொழுது சாயத் தொடங்கியதும் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழும்பிவிடுவார். அப்பா கட்டைத்தடியோடு வீட்டுக்கு வந்த அன்றும் அவர் கிளம்ப, அப்பா தானே போவதாகச் சொல்லி எண்ணெய்ப் போத்தலை என்னிடம் தந்தார். போகும் வழியில் நான் என் கோபத்தைக் கேட்டுவிட்டேன்.

“ஆண்டவர் உங்கட காலைப் பார்க்கேல்லைத்தானே அப்பா. பிறகேன் கொளுத்திறியள்?”

அப்பா தடியை ஊன்றி நின்று சிரித்தார்.

“கூலிக்கோ கொளுத்தினனான்?”

அது மறுமொழி என்று எனக்குப் படவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் சிரிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் பிறகு கடலுக்குப் போனார், பழைய மாதிரி இல்லாவிட்டாலும் போனார். சண்டையில் ஊரை விட்டு எல்லோரும் ஓடி மடு மாதா கோயிலடியில் கூடாரத்தில் இருந்த காலத்தில், கடலும் இல்லை, குருசடியும் இல்லை. பால்மாத் தகரத்தில் திரி வைத்துக் கூடார வாசலில் கொளுத்தினார். திரும்பி வந்தபோது குருசு ஒரு பக்கம் உடைந்து நின்றது. உடைந்த குருசின் அடியில் கொளுத்தினார். படுத்த படுக்கையான கடைசி நாட்களில் என்னைக் கொளுத்த அனுப்பிவிட்டு, நான் திரும்பி வரும்வரை கண்ணை மூடமாட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கெல்லாம் முந்திய ஒரு பின்னேரத்தை. அப்பா தடியோடு நடக்கத் தொடங்கிய நாட்கள். நாங்கள் பெடியன்கள் கரையில் ஆசா கூத்து விளையாடினோம். நண்டுக் கோதுகளையும் மணலையும் குவித்துச் சிலை செய்தோம். முந்தின ராசா யார் என்பதில் எங்களுக்குள் அடிபிடி நடந்தது. என் சித்தப்பாவின் பாகம் எனக்குத்தான் என்று நான் சண்டை பிடித்து வாங்கினேன். தடியை ஓங்கிச் சிலையை உடைத்தேன். எல்லோரும் கத்தினார்கள். மறுபடி செய்து மறுபடி உடைத்தேன்.

அப்பா எண்ணெய்ப் போத்தலோடு அந்தப் பக்கமாக வந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். நான் நன்றாக உடைக்கிறேன் என்றார். பிறகு கேட்டார்.

“பிந்தின ராசா ஆரடா?”

அதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. அப்பா எங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தடியை மணலில் குத்திக் குத்தி, இல்லாத விரல்களின் பக்கம் கொஞ்சம் சரிந்து, குருசடியை நோக்கி நடந்தார்.

“ஒருத்தரும் இல்லை அப்பா” என்று நான் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினேன்.